மாசி நடுவில் மலைப்பக்கம் நாலு நாள்: வியாசர்பாடியிலிருந்து எந்த வழி?

வியாசை குமார்:
எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரி கடைசி வாரம் வெள்ளி முதல் திங்கள் வரை லீவு சொல்லிவிட்டேன். மார்ச் பிறந்தால் வீட்டம்மாவுக்குப் பொதுத்தேர்வு டியூட்டி, ஏப்ரலில் பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு, மே மாதம் எந்த மலைக்குப் போனாலும் கூட்டம். அதனால் பனி விலகி, வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்று ஆசை.

வண்டி 2014 ஸ்விஃப்ட், பெட்ரோல். ஆட்கள்: நான், மனைவி, ஏழாவதும் நாலாவதும் படிக்கிற இரண்டு வாலுகள், எழுபதைத் தொடப்போகும் அம்மா.

போட்டு வைத்திருக்கும் திட்டம் இதுதான். வியாழன் ராத்திரி பதினோரு மணிக்குக் கிளம்பி விடியற்காலையில் ஏலகிரி. வெள்ளி முழுக்க அங்கே. சனி கொல்லிமலை. ஞாயிறு சத்தியமங்கலம், திம்பம் ஏறி, பந்திப்பூர், மசினகுடி வழியாக ஊட்டி. திங்கள் ஊட்டியிலிருந்து நேராக வீடு. நடுவில் ஒரு ராத்திரி கூடாரத்தில் தூங்க வேண்டும், ஒரு நாளாவது காட்டுக்குள் நடக்க வேண்டும் என்பது பிள்ளைகள் போட்ட உத்தரவு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், இது நடக்குமா?

தண்டையார்பேட்டை ஏழுமலை:
தம்பி, வண்டி தாங்கும், நீங்கள் தாங்க மாட்டீர்கள். ஊட்டியிலிருந்து சென்னைக்கு 550 கிலோமீட்டர். முந்தின நாள் திம்பத்தில் 27 வளைவு, அப்புறம் மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டியில் 36 வளைவு ஏறிவிட்டு, மறுநாள் அவ்வளவு தூரம் ஒரே ஆள் ஓட்டுவதா? துறைமுகத்தில் சரக்கு ஏற்றி ஈரோடு, கோவை என்று லாரியிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன், வேண்டாம்.

ராத்திரி கிளம்புவதையும் விடுங்கள். நம்ம பக்கம் ட்ரெய்லர்கள் சாரை சாரையாக வெளியே வருவதே அந்த நேரம்தான். மாதவரம் தாண்டி பைபாஸ் ஏறுவதற்குள் அரைத் தூக்கம் போய்விடும். மிச்சத் தூக்கம் மூன்று மணிக்கு மேல், ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் நேர் ரோட்டில், வந்து கண்ணை அழுத்தும். அந்தக் கண்ணோடு மலை ஏறக் கூடாது. வியாழன் சீக்கிரம் படுத்து, வெள்ளி விடியற்காலை நாலரைக்கு எடுங்கள். டிபனுக்கு வேலூர் தாண்டியிருப்பீர்கள், பத்துப் பத்தரைக்கு மலை மேல்.

மணலி பைக்கர்:
குமார் அண்ணே, ஏழுமலை ஐயா பயமுறுத்துகிறார் என்று கொல்லிமலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவு. தமிழ்நாட்டில் வேறு எந்த மலையிலும் அந்தச் சுகம் கிடையாது. கூட்டமும் இல்லை, டிராஃபிக்கும் இல்லை. ஏலகிரி எல்லாம் தி.நகர் மேலே தூக்கி வைத்த மாதிரி.

பெரம்பூர் மீனா:
70 வளைவு சுகம் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறவருக்குத்தான். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் எழுபது வயது அம்மாவுக்கு அது என்ன சுகம் என்று யாரும் கேட்கவில்லை. கொல்லிமலையில் எல்லாரும் பார்க்கப் போவது ஆகாய கங்கை அருவியை. ஆயிரத்துக்கும் மேல் படி. இறங்குவதே முட்டியைத் தின்றுவிடும், திரும்ப ஏறவும் வேண்டும். அம்மா அறப்பளீசுவரர் கோயில் வாசலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதோடு பிப்ரவரி கடைசியில் அருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழும். அதைப் பார்க்க அத்தனை படியா?

குமார் தம்பி, அம்மாவிடம் கேட்டீர்களா, அவர்களுக்கு எங்கே போக ஆசை என்று? எங்கள் வீட்டில் கேட்டபோது, "ஒரு நல்ல மரத்தடி, ஒரு நாற்காலி, குளிர்ந்த காற்று" என்றார்கள். அதற்கு ஏலகிரியே போதும்.

காலடிப்பேட்டை சுதா:
பறவை பார்க்கிற கூட்டத்தோடு இந்த மலைகளுக்கெல்லாம் போகிறவள் நான். திட்டத்தில் முக்கியமான ஓட்டை ரோட்டில் இல்லை, மாதத்தில் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் என்றால் வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிற பசுமை நம் கண்ணில் வந்து நிற்கிறது. நம்ம மலைகளில் அது நேர் எதிர். வடகிழக்குப் பருவமழை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். இலை உதிர்ந்து, புல் காய்ந்து, மூங்கில் புதரெல்லாம் வைக்கோலாகக் கிடக்கும். காட்டுத்தீ சீசன்.

2018 மார்ச் 11 யாருக்கும் மறந்திருக்காது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி 23 பேர் போனார்கள். அதில் பல பேர் நம்ம சென்னையிலிருந்து நடைபயணம் போனவர்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் ஓடும், ஆள் ஓடுவதைவிட வேகமாக. அதற்குப் பிறகுதான் கட்டுப்பாடு இறுகியது. வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' தொடங்கியதே, அதையும் மறு வருடம் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீ சீசனுக்காக மூடினார்கள். நீங்கள் போவது சரியாக அந்த இடைவெளியில். ஆகவே "காட்டுக்குள் ஒரு நாள் நடை" என்பதை அடித்துவிடுங்கள். உள்ளூரில் யாராவது "நான் கூட்டிப் போகிறேன் சார், ஐந்நூறு கொடுங்க" என்றால் போகவே போகாதீர்கள். வெள்ளியங்கிரி மட்டும் பிப்ரவரி முதல் மே வரை ஏற விடுகிறார்கள், ஆனால் ஏழு மலை ஏறுவது உங்கள் குடும்பத்துக்கான வேலை இல்லை.

ஜவ்வாது மலை ரோட்டில் போனால் ஒன்று கவனியுங்கள். சாலை ஓரமாக இரண்டு மூன்று ஆள் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பட்டை ஓடும். காடு எரிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். சீசனுக்கு முன்னால் வனத்துறையே காய்ந்த புல்லைக் கட்டுப்படுத்தி எரித்துவிட்டுப் போன தீத்தடுப்புக் கோடு அது. யாராவது பீடித்துண்டை வீசினால் அந்தப் பட்டையில் விழுந்து அணைய வேண்டும் என்பதுதான் கணக்கு. வண்டிக்குள்ளிருந்து எதையும் வெளியே வீசாதீர்கள் என்று பிள்ளைகளுக்கு அதைக் காட்டியே சொல்லலாம்.

வியாசை குமார்:
அக்கா, இது என் புத்திக்கு எட்டவே இல்லை. அப்போது கூடாரமும் கிடையாதா?

காலடிப்பேட்டை சுதா:
கூடாரம் போடலாம், காட்டில் இல்லை. ஏலகிரியிலும் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கத்திலும் பட்டா நிலத்தில் கூடாரம் அடித்து வாடகைக்கு விடுகிறார்கள். கழிப்பறை இருக்கிறதா, சுற்றுவேலி இருக்கிறதா என்று முதலிலேயே போனில் கேளுங்கள். நெருப்பு மூட்டி ஆடுவது உண்டு என்று பெருமையாகச் சொல்கிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். மாசி மாதம் காய்ந்த தோப்புக்கு நடுவில் நெருப்பு வைக்கிறவனை நம்பிப் பிள்ளைகளைத் தூங்க வைக்க முடியாது.

இன்னொன்று, காய்ந்த மாதம் என்றவுடன் அழகே இல்லை என்று நினைக்காதீர்கள். இலை இல்லாததால்தான் பறவை தெரியும். இலவ மரம் மொட்டையாக நின்று சிவப்பாகப் பூத்திருக்கும், மைனாவும் கரிச்சானும் தேனுக்குச் சண்டை போடும். புரசைவாக்கம் கங்காதீசுவரர் கோயில் தல விருட்சம் இருக்கிறதே, அதே புரச மரம் மலையடிவாரத்தில் தீப்பிடித்த மாதிரி நிற்கும். கிருஷ்ணகிரி பக்கம் போனால் மாந்தோப்புகளில் பிஞ்சு பிடித்திருக்கும். ஜவ்வாது மலை ஊர்களில் புளி உலுக்குகிற நேரமும் இதுதான். திண்ணையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து சின்னக் கட்டையால் தட்டி ஓட்டை நீக்கி, கொட்டை எடுத்து, புதுப்புளியை உருண்டையாகப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கேட்டால் அங்கேயே எடை போட்டுத் தருவார்கள். சாமை அரிசியும் தேனும்கூட.

தண்டையார்பேட்டை ஏழுமலை:
ஊட்டி ஆசையையும் இப்போதே தீர்த்துவைத்துவிடுகிறேன். திம்பம் சாலையில், பண்ணாரியிலிருந்து காராப்பள்ளம் வரை, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை. சரக்கு வண்டிக்கு மாலை ஆறு முதல் காலை ஆறு, காருக்கு ராத்திரி ஒன்பது முதல் காலை ஆறு. அந்தப் பக்கம் பந்திப்பூரிலும் ஒன்பது முதல் ஆறு வரை கதவு மூடிவிடும். ஒரு இடத்தில் பஞ்சர் ஆகி ஒரு மணி நேரம் போனால் உங்கள் மொத்தக் கணக்கும் தப்பும், பிள்ளைகளோடு செக்போஸ்ட்டில் படுக்க வேண்டியதுதான்.

காராப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் யானை கரும்பு லாரியை மறிக்கும். குட்டியோடு வந்து ரோட்டின் நடுவில் நிற்கும், தும்பிக்கையால் மேலே இருக்கிற கட்டிலிருந்து நாலு கரும்பை உருவி எடுத்த பிறகுதான் வழி விடும். கோடையில் தண்ணீர் தேடி ரோட்டுப் பக்கம் இன்னும் அதிகமாக வரும். லாரிக்காரன் உயரத்தில் உட்கார்ந்திருப்பான், எஞ்சினை நிறுத்திவிட்டுப் பீடியைக்கூட அணைத்துவிட்டுக் காத்திருப்பான். நம்ம ஆட்கள் காரிலிருந்து இறங்கி போட்டோ எடுக்கிறார்கள்.

கொளத்தூர்க்காரன்:
ஊட்டி என்றால் இ-பாஸும் வேண்டும். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கட்டாயம். 2025 ஏப்ரலில் வண்டி எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள், ஊட்டிக்கு வார நாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000. அது ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான கணக்கு. பிப்ரவரியில் பாஸ் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் எடுக்காமல் போனால் சோதனைச் சாவடியில் நிறுத்தி வைப்பார்கள். தண்ணீர் பாட்டிலும் நீலகிரிக்குள் வாங்கவோ கொண்டுபோகவோ முடியாது, எவர்சில்வர் பாட்டில்தான்.

கல்லட்டி பற்றி ஒரு வார்த்தை. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறலாம். ஊட்டியிலிருந்து அந்த வழியே இறங்க வெளி மாவட்ட வண்டிகளை விடுவதில்லை. 2018இல் சென்னையிலிருந்து போன ஒரு கார் பள்ளத்தில் விழுந்து, சில நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து இப்படி.

மீஞ்சூர் ராஜா:
யாரும் வடசென்னை வாசலைப் பற்றிப் பேசவில்லையே. மேற்கே போகிறவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு புழல் பைபாஸ் பிடித்து மதுரவாயலில் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் பக்கம் மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இருக்கிறது. நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். பூந்தமல்லி நெரிசலே கிடையாது.

தண்டையார்பேட்டை ஏழுமலை:
மீஞ்சூர்க்காரருக்கும் திருவொற்றியூர்க்காரருக்கும் அது சரி ராஜா. வியாசர்பாடியிலிருந்து வெளிவட்டச் சாலையைப் பிடிக்கச் சுற்றிப் போவது மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுவதுதான். விடியற்காலை நாலரைக்கு மூலக்கடை, இருநூறடி ரோடு, மாதவரம், பைபாஸ், மதுரவாயல், பூந்தமல்லி எல்லாம் காலியாகத்தான் இருக்கும். வரும்போதுதான் வெளிவட்டச் சாலை. சேலம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகத் திரும்பினால் பரனூர் டோலில் ஆரம்பித்துத் தாம்பரம் வரை நகராது. வண்டலூரில் வெளிவட்டத்தில் ஏறி, நேராக நம்ம பக்கம் வந்து இறங்குங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் முதல் வாலாஜா வரை ரோடு வேலை இழுத்துக்கொண்டே போகிறது, திடீர் திடீரென்று மாற்றுப்பாதை வரும். இருட்டில் அங்கே வேகம் வேண்டாம்.

எருக்கஞ்சேரி பாபு:
ஒரு மாற்று யோசனை. நமக்கு ஆந்திரா பக்கத்து வீடு. திருப்பதி தரிசனத்தை முடித்துவிட்டு மதனப்பள்ளி வழியாக ஹார்ஸ்லி மலை போகலாமே? உயரம் நம்ம ஏலகிரியைவிடக் கொஞ்சம் அதிகம். அம்மாவுக்குப் பெருமாள், பிள்ளைகளுக்கு மலை.

பெரம்பூர் மீனா:
நல்ல யோசனைதான், ஆனால் திருப்பதி என்றால் தரிசனத்துக்கே ஒரு நாள் போய்விடும். நடுவில் பாகராப்பேட்டை கணவாய் வேறு, அது சாது ரோடு இல்லை. அதை ஒரு தனிப் பயணமாக வைத்துக்கொள்ளலாம்.

மூலக்கடை மெக்கானிக்:
வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். பத்து வருடம் தாண்டிய வண்டி என்றால் எல்லாரும் டயரைப் பார்க்கிறார்கள், பிரேக் ஆயிலைப் பார்ப்பதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நகரத்தில் ஒன்றும் தெரியாது. மலை இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வண்டி நிற்காது. கடைசியாக எப்போது மாற்றினோம் என்று நினைவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், பெரிய செலவு இல்லை. பிரேக் பேட், கூலன்ட், ரேடியேட்டர் ஹோஸ், விசிறி பெல்ட், ஸ்டெப்னியில் காற்று. ஏறும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி வழக்கத்தைத் தாண்டினால் ஏசியை அணைத்துவிடுங்கள். வளைவில் நின்று எடுக்க வேண்டி வந்தால் அரை கிளட்சில் தொங்காமல் ஹேண்ட்பிரேக் போட்டு எடுங்கள். கருகல் வாசனை வந்தால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி ஆறவிடுங்கள், சூட்டோடு சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தண்டையார்பேட்டை ஏழுமலை:
தங்கமான பேச்சு. நான் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதே. தருமபுரி சேலம் ரோட்டில் தொப்பூர் கணவாயில் எத்தனை லாரி போயிருக்கிறது தெரியுமா, பாதிக்குக் காரணம் அந்த நியூட்ரல்தான். வளைவில் ஏறுகிற வண்டிக்கு வழி விடு. சட்டமும் அதுதான், நியாயமும் அதுதான். இறங்குகிறவன் நின்று எடுக்கலாம், ஏறுகிறவன் நின்றால் பின்னாடி உருளும்.

வியாசை குமார்:
எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "தொலைநோக்கி இருக்கிற ஊர் அந்தப் பக்கம்தானே?" ரேடியோவில் எப்போதோ கேட்டாராம். காவலூர்தானே?

காலடிப்பேட்டை சுதா:
காவலூரேதான். ஜவ்வாது மலையில் ஆலங்காயத்துக்குப் பக்கம். வைணு பாப்பு பெயரில் இருக்கும் வான் ஆய்வகம். 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி 1986இல் நிறுவினார்கள். பார்வையாளர்களை விடுவது சனிக்கிழமை. வானம் தெளிவாக இருக்கும் மாதம்தான், ஆனாலும் கிளம்புவதற்கு முன் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி அந்த மலையில் வண்டி ஓட்டினால் ஹெட்லைட்டைத் தாழ்த்தி ஓட்டுங்கள்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். இவ்வளவு பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம், அவர் ஒரே கேள்வியில் பாதி திட்டத்தை முடித்துவிட்டார்.

வியாசை குமார்:
அப்போது திருத்திய திட்டம். வெள்ளி விடியற்காலை கிளம்பி வேலூர், அமிர்தி வழியாக ஜமுனாமரத்தூர். அன்றைக்கு ராத்திரி அங்கே வேலி போட்ட கூடாரம். சனி காவலூர், மாலை ஆலங்காயம், வாணியம்பாடி இறங்கி ஏலகிரி. ஞாயிறு முழுக்க ஏலகிரி, யாரும் எங்கேயும் ஓடாமல். திங்கள் காலை இறங்கி, ஆம்பூரில் பிரியாணி, மாலைக்குள் வீடு. ஏற்காடு சேர்க்கலாமா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பெரம்பூர் மீனா:
அடித்துக்கொள்ளட்டும், சேர்க்காதீர்கள். ஏற்காடு மார்ச் கடைசியில், பூ மழை பெய்து காப்பிச்செடி வெள்ளையாகப் பூக்கிற வாரம் பார்த்துப் போக வேண்டிய ஊர். பிப்ரவரியில் அங்கே என்ன இருக்கிறது, ஏரியில் படகு. அதற்கு நம்ம ரெட்டேரிக்கரையே போதும்.

பிள்ளைகளுக்கு வாந்தி வரும் என்றால் மலை ஏறும் முன் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், போனைக் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஏலகிரியில் 14 வளைவுக்கும் பாரதியார், கபிலர், ஔவையார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யார் முதலில் பலகையைப் படிக்கிறார்கள் என்று போட்டி வையுங்கள். கண் வெளியே இருக்கும், குமட்டல் குறையும்.

மணலி பைக்கர்:
கொல்லிமலையை அநியாயமாகக் கொன்றுவிட்டீர்கள். பரவாயில்லை, அடுத்த மழை முடிந்து ஜனவரியில் நான் கூட்டிப் போகிறேன் அண்ணே, நீங்கள் மட்டும் வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஏலகிரி மலையடிவாரத்து ஊர் பெயர் பொன்னேரி. மேப்பில் வெறும் பொன்னேரி என்று அடித்தால் நம்ம கும்மிடிப்பூண்டி ரோட்டுப் பொன்னேரிக்குக் கூட்டிப்போய் நிறுத்தும். ஜோலார்பேட்டை என்று சேர்த்து அடியுங்கள்.

மீஞ்சூர் ராஜா:
நிறுத்தினால் என்ன, எங்கள் வீட்டில் டீ சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

வியாசை குமார்:
கூடாரத்துக்குப் பேசிவிட்டேன், வேலி உண்டு, நெருப்பு கிடையாது என்கிறார். மூலக்கடை அண்ணே, புதன்கிழமை காலையில் வண்டியைக் கொண்டு வந்தால் சாயங்காலம் கிடைக்குமா?

மூலக்கடை மெக்கானிக்:
எட்டு மணிக்கு விட்டுவிடுங்கள். வியாழன் நான் கடையில் இல்லை.